குட்டியின் மூட்டு வீக்கமும் தொப்புள் கொடியும்

ஈப்போவின் குதிரைப் பந்தயத் திடலைப் பேராக் மக்கள் நன்கு அறிவர். ஆனால் அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் பந்தயக் குதிரைகளை வளர்ப்பதற்கென்றே தேசியக் குதிரைப் பண்ணை ஒன்று அமைக்கப்பட்ட செய்தியைச் சிலரே அறிந்திருப்பர். பந்தயக் குதிரையின் மதிப்பெல்லாம் அதன் கால்களில் இருக்கிறது. அக்கால்களைப் பிறந்த சில நாட்களிலேயே கெடுத்துவிடும் நோய் ஒன்று உண்டு. குதிரைக் குட்டிக்கு மட்டுமன்று. ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு நம்மவர் வளர்த்த பசுவின் கன்றுக்கும் ஆட்டுக் குட்டிக்கும் வருவது இதே நோய்தான். ஆங்கிலேயர் இதனை 'மூட்டு நோய்' என்றும் 'தொப்புள் நோய்' என்றும் இரு பெயரால் வழங்கினர். ஒரு நோய்க்கு இரு பெயர் ஏன் என்பது விளங்கினால், அதைத் தடுக்கும் வழியும் விளங்கிவிடும்.

முதல் நாள் துள்ளி நின்ற குட்டி மறுநாள் ஒரு காலை ஊன்றாமல் நொண்டும். முழங்காலோ, பின்னங்கால் கணுவோ வீங்கிச் சுடும். காய்ச்சல் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். பால் குடிப்பது குறையும். இதைக் காண்போர், "தாய் மிதித்திருக்கும், தானே சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவது வழக்கம். அபாயம் அங்கேதான் இருக்கிறது. பிறந்த சில வாரங்களுக்குள் நொண்டும் குட்டிக்குக் கிருமி நோய் என்றே முதலில் ஐயுற வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்களின் விதி.

கிருமிகள் மூட்டுக்கு எப்படிப் போகின்றன? கருவிலிருக்கும் குட்டிக்குத் தாயின் இரத்தத்திலிருந்து உணவு கொண்டுவருவது தொப்புள் கொடி. பிறந்ததும் கொடி அறுந்துவிடுகிறது. ஆனால் அதன் இரத்தக் குழாய்கள் உடனே முழுதும் மூடிவிடுவதில்லை. ஒரு குழாய் நேரே ஈரலுக்குச் செல்கிறது. ஈரமான அடிக்கொடி சாணத்திலும் சேற்றிலும் படும்போது அங்குள்ள கிருமிகள் திறந்த கதவின் வழியே நுழைவதுபோல் உள்ளே புகுகின்றன. தொப்புள் ஒன்றே வாயில் அன்று. குடல் வழியாகவும், மூச்சு வழியாகவும், சில வேளை கருப்பையிலிருந்தே கூடவும் கிருமி வரலாம். எவ்வழியில் வந்தாலும் அது இரத்தத்தோடு சுற்றி, இரத்த ஓட்டம் மெதுவாக உள்ள நுண்குழாய்களில் தங்குகிறது. மூட்டின் உட்சவ்விலும், எலும்பு வளரும் நுனியிலும் அத்தகைய நுண்குழாய்கள் மிகுதி. அங்கே கிருமிகளை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் கக்கும் பொருள்களே எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பை அரித்துவிடுகின்றன. அரித்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. உயிர் பிழைத்தாலும் குட்டி நொண்டியாகிவிடுவது இதனால்தான்.

ஒரே கொட்டகையில் பிறந்த குட்டிகளில் சிலவற்றுக்கு மட்டும் இந்நோய் வருவானேன்? மனிதக் குழந்தை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. குதிரை, பசு, ஆடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அப்பொருள்களைக் கடத்துவதில்லை. ஆகவே அவற்றின் குட்டிகள் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமலே பிறக்கின்றன. அக்குறையை நிறைவு செய்வது சீம்பால். 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், லிட்டில் என்ற இருவர், சீம்பால் பெறாத கன்றுகளையும் பெற்ற கன்றுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பெறாதவற்றில் பெரும்பாலானவை கிருமி நோயால் மடிந்தன, பெற்றவை பிழைத்தன.

சீம்பாலுக்கும் காலக்கெடு உண்டு. அதிலுள்ள எதிர்ப்புப் பொருளை அப்படியே உறிஞ்சும் ஆற்றல் குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரமே மிகுதி. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடுகிறது. குதிரைக் குட்டி 1 மணி நேரத்துக்குள் எழுந்து நின்று, 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை. 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர் என்று கொள்ளலாம்.

இங்கே நம் வழக்கம் ஒன்றைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். பசு கன்று ஈன்றால் சீம்பாலைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்து, லயத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவது தோட்டத்து உறவின் இனிய அடையாளம். அவ்வழக்கத்தில் குற்றமில்லை, வரிசையில்தான் குற்றம் நேரலாம். முதற் கறவை கன்றுக்கு. அது வயிறாரக் குடித்தபின் எஞ்சுவதே மனிதருக்கு. சீம்பால் கெட்டியாயிருக்கிறது, மந்தம் செய்யும் என்று பீய்ச்சிக் கொட்டுவதோ பெரும் இழப்பு.

மற்றொரு காவல் தொப்புளில் செய்ய வேண்டியது. கொடி தானே அறுபடட்டும். ஒட்ட வெட்டக் கூடாது. அறுந்த நுனியை 0.5 சதவிகிதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் இரண்டு மூன்று நாட்கள் தோய்த்து வரலாம். மிகக் காரமான அயோடின் தோலைச் சுட்டுவிடும். மண்ணோ சாம்பலோ சாணமோ பூசலாகாது. மழை ஓயாத பேராக்கில் குட்டி படுக்குமிடம் உலர்ந்திருப்பதும் மருந்துக்கு நிகரானது.

இவ்வளவுக்குப் பின்னும் மூட்டு வீங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதித்து, மூட்டைக் கழுவி, கிருமிக்கொல்லி மருந்தைப் பல நாட்கள் தொடர்ந்து கொடுப்பார். எலும்பின் சேதம் எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். படத்தில் ஒன்றும் இல்லையென்று ஆறுதல் கொள்வது தவறு. வீங்கிய மூட்டில் எண்ணெய் தேய்த்து உருவுவதால் கிருமி சாகாது, காலம்தான் கழியும். 1948 முதல் ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்கி வருகிறது. தோட்டங்கள் பல மறைந்து, லயங்கள் காலியாகிவிட்ட போதிலும், செம்பனை நிழலில் மாடு மேய்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் முதல் நாளில் தரும் சீம்பாலும் தொப்புளுக்குச் செய்யும் காவலும், பின்னர் வாங்கும் மருந்தைவிட மலிவானவை, பலனும் பெரிது.