பூச்சி மாதிரிகளைப் பேணும் முறை

கம்பளைப் பகுதியின் ஈரக்காற்றில் இறந்த பூச்சி விரைவிற் பூஞ்சணம் பிடித்து உருவழியும். இனமறியாது மருந்து தெளித்தால், தத்தியைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் மடிந்து தத்தியே பெருகும். 2018ஆம் ஆண்டு இலங்கையிற் சோளத்தைத் தாக்கிய படைப்புழுவுக்கு, வாலருகே சதுரமாயமைந்த நான்கு கரும்புள்ளிகள் அடையாளம். அழுகிய புழுவில் அவை தெரியா.

புழுவைக் கொதிநீரிற் சிறிது நேரம் இட்டெடுத்து, 70 சதவீத மதுசாரத்தில் இடுக. தத்தியை நேரே மதுசாரத்தில் இடலாம். இறந்த வண்டின் வலச்சிறகு மூடியில் மெல்லூசி குத்தி, நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் வேண்டும். இடம், திகதி, பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டையும் உடன் வைக்க. மை மதுசாரத்திற் கரையும்.

மாதிரியை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிய பின்னரே மருந்து வாங்குதல் நன்று.