‘போகி’ என்னும் பூச்சாண்டி

குழந்தை உண்ண மறுத்தால் நம் வீடுகளில் பூச்சாண்டியை அழைப்பது வழக்கம். ஆங்கிலேயர் வீடுகளில் அவ்வேலையைச் செய்து வந்தது ‘போகி’ என்னும் பேய். நம் போகிப் பண்டிகைக்கும் அதற்கும் உறவில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே.

1890களில் இங்கிலாந்தின் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் இப்பேயைத் தம் மைதானத்துக்கு இழுத்து வந்தனர். ஒவ்வொரு குழியிலும் பந்தைச் சேர்க்க நல்ல ஆட்டக்காரனுக்கு இத்தனை அடிகள் போதும் என்று கணக்கு வகுத்து, அக்கணக்கையே எதிராளியாகக் கொண்டு ஆடினர். கண்ணுக்குத் தெரியாத அவ்வெதிராளி ஒருபோதும் பிசகுவதில்லை. அந்நாளில் பரவியிருந்த ஒரு பாட்டில் வந்த பேயின் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. படை அதிகாரிகள் ஆடிய சங்கமொன்றில் அவனுக்குக் கர்னல் பதவியும் கிடைத்தது! பிற்காலத்தில் அவன் மதிப்புச் சற்று இறங்கிவிட்டது. விதித்த அடிகளைவிட ஓர் அடி மிகுந்தால் இன்று அது போகி.

அந்தக் கர்னலின் பெயரால் 1914இல் ரிக்கெட்ஸ் என்னும் பிரிட்டிஷ் பாண்டு வாத்தியத் தலைவர் அணிவகுப்பு இசையொன்று அமைத்தார். இலங்கையில் படமாக்கப்பெற்று 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் போர்க்கைதிகள் சீட்டியடித்தவாறு நடந்து வருவது அம்மெட்டில்தான். சினிமா உலகில் மற்றொரு போகியும் உண்டு. ‘காசாபிளாங்கா’ நாயகர் ஹம்ப்ரி போகார்ட்டை ரசிகர்கள் அப்படித்தான் அழைத்தனர். அது குடும்பப் பெயரின் சுருக்கம். பேய்க்கு அதில் பங்கில்லை.

போர் விமானிகளிடமோ இச்சொல் விளையாட்டன்று. ராடார்த் திரையில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றுகிறது. யாருடைய விமானம் என்று தெரியவில்லை. அதுவே போகி. பகை விமானம் என்பது உறுதியான பின்னரே அதனைப் ‘பாண்டிட்’, அதாவது கொள்ளைக்காரன், என்பர். தெரியாதவனுக்கும் பகைவனுக்கும் வேறு வேறு சொற்களை வைத்தது வீண் நுணுக்கமன்று. ஐயத்துக்குரிய விமானத்தை நோக்கி ரேடியோ அலையில் ஒரு கேள்விக் குறிப்பு அனுப்பப்படுகிறது. நம் விமானமாயின் அதிலுள்ள கருவி தானே விடை தரும். விடை வாராவிடில் பகைவன்தான் என்று கொள்வதற்கில்லை. கருவி பழுதாகியிருக்கலாம், அணைக்கப்பட்டிருக்கலாம். அதுவரை அது போகியே.

2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகரை அடுத்த பட்காமில் நமது ஏவுகணையே நமது எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. அதிலிருந்த விமானப்படையினர் 6 பேரும், தரையில் நின்ற குடிமகன் ஒருவரும் மாண்டனர். அது பெருந்தவறு என்று அவ்வாண்டு அக்டோபரில் விமானப்படைத் தலைவர் ஒப்புக்கொண்டார்.