சராசரியில் மறையும் காரைக்கால் குழந்தைகள்
எண்களைக் கொண்டு குழந்தை நலனை ஆராயும் துறை எப்படி இயங்குகிறது? அதில் டெல்டா மாணவர்களுக்கு என்ன இடம்?

இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் இது 25 சதவீதம். புதுச்சேரியில் 20 சதவீதம். நாட்டிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தரும் கணக்கு இது.

புதுச்சேரி என்று இங்கே சொல்லப்படுவது நான்கு ஊர்ப்பகுதிகள் சேர்ந்த ஒன்றியப் பிரதேசம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதன் மொத்த மக்கள் 12,47,953 பேர். இவர்களில் நான்கில் மூன்று பங்கினர் புதுச்சேரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். காரைக்காலில் 2,00,222 பேர், அதாவது 16 சதவீதம். ஆகவே அந்த 20 சதவீதம் பெரிதும் புதுச்சேரி மாவட்டத்தின் கதை. அங்கிருந்து நூற்றுமுப்பது கிலோமீட்டருக்கும் அப்பால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் காரைக்கால்மேட்டு மீனவக் குழந்தையும் நெடுங்காட்டு விவசாயக் கூலியின் குழந்தையும் எப்படி வளர்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்ல வைப்பதற்கென்று ஒரு துறையும், அதில் வாழ்நாள் முழுதும் உழைக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

எதை அளக்கிறார்கள்?

குழந்தை நலனை எண்களால் ஆராய்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. புள்ளியியல், மக்கள்தொகையியல், பொருளியல், சமூகவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய எதிலிருந்தும் வரலாம். குழந்தையின் உடல், படிப்பு, பாதுகாப்பு, வீட்டின் வசதி, மனநிறைவு ஆகியவற்றை அளந்து, எது எதனால் மாறுகிறது என்று கண்டறிவது அவர் வேலை.

மிக எளிய அளவு உயரம்தான். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் வளர்ந்த சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் ஒரு வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. அதன்படி ஐந்து வயது நிரம்பிய ஆண் குழந்தையின் நடு உயரம் 110 சென்டிமீட்டர். 100.7 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குக் கிடைத்த உணவு, பிறந்த பின் கிடைத்த பால், குடித்த தண்ணீர், அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு எல்லாம் அந்த ஓர் எண்ணில் பதிவாகிவிடுகின்றன. 2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலராவும் உறுதியாகி, பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. அப்படி ஒரு மாதம் செய்திகளிலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும். குழந்தையின் உயரத்தில் அதன் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளர் பொறுப்பு.

உடலோடு அளவு நின்றுவிடவில்லை. 2007இல் யுனிசெஃப்பின் இன்னசென்டி மையம் 21 பணக்கார நாடுகளின் குழந்தை நலனை ஒப்பிட்டது. பொருள் வசதி, உடல்நலம், கல்வி, உறவுகள், நடத்தையும் ஆபத்துகளும், குழந்தையே சொல்லும் மனநிறைவு என ஆறு அளவைகள். நெதர்லாந்து முதலிடம் பெற்றது. பிரிட்டன் கடைசியில் நின்றது. பணம் இருந்தும் பிள்ளைகள் நன்றாக இல்லை என்ற அந்த முடிவு பிரிட்டனில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் பின்னால் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜொனாதன் பிராட்ஷா போன்றோரின் நெடுங்கால உழைப்பு இருந்தது. இன்று 8, 10, 12 வயதுப் பிள்ளைகளிடமே அவர்கள் வாழ்வைப் பற்றிக் கேட்கும் ‘சில்ட்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்’ ஆய்வு முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது.

சின்ன மாவட்டத்தின் பெரிய சிக்கல்

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளுக்குச் சென்றது. சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடுகள். பிள்ளைப்பேறு குறைந்துவிட்ட நம் பகுதியில், 900 வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்டோர் சில நூறு பேர்தான் இருப்பார்கள்.

ஒரு மாவட்டத்தில் 200 குழந்தைகளை அளந்து, அவர்களில் 40 பேர் குன்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். விடை 20 சதவீதம். ஆனால் வேறு 200 பேர் அகப்பட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். புள்ளியியல் விதிப்படி உண்மை அளவு 14.5க்கும் 25.5க்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம். வீடுகளை ஊர் ஊராகக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் நடைமுறையில் இந்த இடைவெளி இன்னும் விரியும். ஆக, முந்தைய ஆய்வில் 24 சதவீதம், இப்போது 20 சதவீதம் என்று வந்தால், அது திட்டத்தின் வெற்றியாகவும் இருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் மாவட்டத்தில் இல்லையென்றால், தற்செயலுக்குப் பாராட்டு விழா நடக்கும். உண்மையான சரிவு கவனிக்கப்படாமல் போகும்.

தொகுதி வாரியாகப் பார்த்தாலும் காரைக்கால் தப்பவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.வி. சுப்பிரமணியனும் அவரோடு பணியாற்றுவோரும் இந்திய நாடாளுமன்றத் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் குழந்தை ஊட்டச்சத்துக் கணக்கை உருவாக்கினார்கள். எம்.பி.க்கள் தம் தொகுதிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நல்ல நோக்கம் கொண்ட வேலை அது. ஆனால் புதுச்சேரிக்கு இருப்பது ஒரே மக்களவைத் தொகுதி. அங்கேயும் காரைக்கால் சராசரிக்குள் கரைந்துவிடுகிறது.

இன்னொரு தடை, பழைய அடிப்படை. எந்த ஊரில் எத்தனை வீடு என்ற பட்டியல் 2011 கணக்கெடுப்பைச் சார்ந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டு இடைவெளியில் மேடுகளும் நகர்களும் எவ்வளவு மாறியிருக்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

உள்ளூர் அறிவு ஏன் தேவை?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கிளிஞ்சல்மேட்டிலோ பட்டினச்சேரியிலோ ‘நேற்று குழந்தை என்ன சாப்பிட்டது?’ என்று கேட்டால் ஒரு விடை வரும். தை மாதத்தில் கேட்டால் வேறு விடை வரும். குறுவை அறுவடை முடிந்த வீடும் ஐப்பசி மழையில் வேலையில்லாமல் இருக்கும் வீடும் ஒன்றல்ல. அப்பா வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பிரான்சிலோ இருக்கும் வீட்டில் வருமானக் கேள்விக்கு யார், எப்படிப் பதில் சொல்வார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வினாத்தாளை எழுதுபவருக்கு இவை தெரியாவிட்டால், எவ்வளவு உயர்ந்த கணிதமும் பிழையைத்தான் நுட்பமாகக் கணக்கிடும்.

சிறிய இடத்தில் அறநெறியும் கூடுதல் கவனம் கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் வேண்டும். பெயரை நீக்கினாலும், கிராமம், வயது, உடற்குறைபாடு மூன்றையும் வெளியிட்டால் காரைக்காலில் அந்தப் பிள்ளை யாரென்று ஊரே சொல்லிவிடும். தரவைப் பாதுகாப்பது இந்த வேலையின் பாதி.

நம் மண்ணின் முன்னோடிகள்

இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டில் ஆழமான வேர் உண்டு. சேலத்தில் 1918இல் பிறந்த ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தையும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் வழிநடத்தினார். 1980களில், குறைந்த உணவுக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும், உருவம் சிறியதாக இருந்தாலும் ஆரோக்கியமாக இருக்கலாம் என்ற வாதம் எழுந்தது. புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே, அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர் ஆகியோரின் அந்த நிலைப்பாட்டைக் கோபாலன் உறுதியாக எதிர்த்தார். அந்த வாதத்தை ஏற்றிருந்தால் கோடிக்கணக்கான ஏழைக் குழந்தைகள் ஒரே நாளில் ‘சத்துக்குறைவு இல்லாதவர்கள்’ ஆகியிருப்பார்கள். ஓர் அளவுகோலை எங்கே வைப்பது என்பதில் எத்தனை குழந்தைகளின் சோறு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குத் துணை உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எடை அட்டை நிர்வாகத்தின் கருவியாக மாறியது அங்கேதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1969-73இல் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்களைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தது. பிறந்தபோதைய எடைக்கும் நடுவயது நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய அது வழிவகுத்தது. பொருளியலாளர் ஜான் ட்ரேஸ் உள்ளிட்டோர் பங்கேற்ற, ஆறு வயதுக்குட்பட்டோர் பற்றிய 2006ஆம் ஆண்டு ‘ஃபோகஸ்’ அறிக்கை ஆறு மாநில அங்கன்வாடிகளை ஒப்பிட்டு, தமிழ்நாட்டை மற்றவர்களுக்கு முன்னுதாரணமாகக் காட்டியது.

எல்லை தரும் வாய்ப்பு

இந்த வரிசையில் காரைக்காலுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அதே காவிரித் தண்ணீர், அதே கடல், அதே மொழி, அதே சாதி அமைப்பு. நடுவில் ஒரு நிர்வாக எல்லை மட்டும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்களை ஒப்பிட்டால், வேறுபாட்டுக்குக் காரணம் அரசின் திட்டமாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சமூக ஆய்வாளர்கள் உலகெங்கும் தேடி அலைவது இத்தகைய இடத்தைத்தான்.

பிரெஞ்சு நிர்வாகம் 1930லேயே புதுச்சேரிப் பகுதியில் பள்ளி மதிய உணவைத் தொடங்கியது. 2002இல் புதுச்சேரி அரசு காலையில் பால் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு தன் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கியது. திருக்குவளை காரைக்காலுக்கு அருகேதான் இருக்கிறது. காலையில் பால் குடித்த பிள்ளைக்கும் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்ட பிள்ளைக்கும் வருகையில், கவனத்தில், எடையில் என்ன வேறுபாடு என்று இரு பக்கமும் அளந்து பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. எல்லை தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வரும் தாய்மார்களும் இருக்கிறார்கள். இரு அரசுகளும் தரும் உதவித்தொகைகள் வேறுவேறு. பாடத்திட்டமும் இப்போது வேறாகிவிட்டது. 2023 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. இவற்றையெல்லாம் பிரித்தெடுத்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பிரித்தெடுத்தலுக்குத்தான் ஆண்டுக்கணக்கில் பயிற்சி.

எப்படி நுழைவது?

இளநிலையில் புள்ளியியல், கணிதம், பொருளியல், சமூகவியல், செவிலியம், மருத்துவம் எதுவும் சரி. காரைக்காலில் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் முதல் படி. அடுத்து, நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், பொதுச் சுகாதாரத்துக்கு ஜிப்மர் ஆகியவை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வை நடத்தும் மும்பை பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இத்துறையின் தலைமைக் கூடம். சென்னையில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும், திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும் முனைவர் பட்டத்துக்கு நல்ல இடங்கள்.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பட்டம் முடிந்தபின் ஆய்வுத் திட்டப் பணி, உதவிப் பேராசிரியர் பணி, அரசின் திட்டமிடல் துறைகள், யுனிசெஃப் போன்ற அமைப்புகள் எனப் பாதைகள் பிரிகின்றன. நிலையான வேலை கிடைக்கக் காலமாகும்; ஒப்பந்தப் பணிகளில் சில ஆண்டுகள் ஓடும். வெளிநாட்டு நிதியும் நிலையற்றது: பல நாடுகளின் ஆய்வுகளைத் தாங்கிநின்ற அமெரிக்க நிதி 2025இல் திடீரென நின்றது. இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. ஆனால் ‘ஆர்’ போன்ற இலவச மென்பொருளில் தேர்ச்சி பெறக் காசு தேவையில்லை. குடும்பநல ஆய்வின் மூலத் தரவையும் பதிவு செய்து இலவசமாகப் பெற்றுப் பழகலாம். ஒரு கணினியும் விடாமுயற்சியும் இருந்தால் கல்லூரி நாட்களிலேயே தொடங்கிவிடலாம்.

செய்ய வேண்டியவை

புதுச்சேரி அரசு ஒன்றியப் பிரதேசச் சராசரியோடு நின்றுவிடாமல், காரைக்காலுக்கு எனத் தனி அளவை, எத்தனை குழந்தைகளை அளந்தது, பிழை வரம்பு எவ்வளவு என்ற விவரங்களோடு வெளியிட வேண்டும். அங்கன்வாடிகளில் மாதந்தோறும் பதிவாகும் எடையும் உயரமும் சரியாக எடுக்கப்படுகின்றனவா என்று கல்லூரி மாணவர்களைக் கொண்டு மாதிரிச் சோதனை நடத்தலாம். ஒரே ஆண்டில் பிறந்த காரைக்கால் குழந்தைகளைப் பள்ளிப்படிப்பு முடியும்வரை தொடரும் ஆய்வு ஒன்றைத் தொடங்க, இங்கே இருக்கும் ஜிப்மர் கிளையும் புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகமும் கைகோர்க்க முடியும். இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் அது முடியாத காரியம் அல்ல.

கணக்கு நன்றாக வருகிற, பிள்ளைகள் மீது அக்கறை கொண்ட காரைக்கால் மாணவர்கள் இந்தத் துறையைத் தம் வாழ்க்கைப் பணியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தன் குழந்தைகளைத் தானே சரியாக அளந்து வைத்திருக்கும் ஊருக்குத்தான், அவர்களுக்கு வேண்டியதை அரசிடம் ஆதாரத்தோடு கேட்கும் பலம் இருக்கும்.