இனிப்பை மறக்கடிக்கும் இலை தெரியுமா?

பிரிக்பீல்ட்ஸ் கடையில் "அண்ணே, தே தாரேக், கூராங் மானிஸ்" என்று சொல்பவரா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்! 2019-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அதிலும் நம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம்!

கிள்ளானில் என் அத்தை வீட்டு வேலியில் சிறுகுறிஞ்சான் படர்ந்திருக்கிறது. ஓர் இலையைப் பறித்து நன்றாக மென்று, வாய் கொப்பளித்துவிட்டு, நாக்கில் சீனி வைத்துப் பார்த்தேன். மணல்! வெறும் மணல்! நறநறப்பு இருக்கிறது, தித்திப்பைக் காணோம். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரிகளில் போய் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். 'சர்க்கரைக்கொல்லி' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

நாக்கை ஏமாற்றினால் இரத்தத்தில் சர்க்கரை குறையுமா? 1990-இல் சென்னை ஆய்வாளர்கள் 22 நோயாளிகளுக்கு, அவர்களின் வழக்கமான மாத்திரைகளோடு இந்த இலைச்சாற்றின் சத்தைத் தினம் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகக் கொடுத்துப் பார்த்ததில், 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது! ஆனால் வெறும் 22 பேர். இதை நம்பி நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. மாத்திரையோடு இலையையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபார்மினுக்கும் மூலம் ஒரு செடிதான், தெரியுமா? ஐரோப்பாவின் கலேகா செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, கூடவே நஞ்சும் இருந்தது. அந்த வகைப் பொருளை வைத்து நடந்த ஆராய்ச்சியின் வழியில்தான் மெட்ஃபார்மின் வந்தது. 1922-இல் டப்ளினில் உருவான அதை, 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். அதேபோல, ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கண்டெடுத்த ஃப்ளோரிசின்தான், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இன்றைய புது மாத்திரைகளுக்கு முன்னோடி!

இன்னொன்று: "இனிப்புநீரை அடியோடு குணமாக்கும்" என்று மலேசியாவில் மருந்தை விளம்பரம் செய்யவே கூடாது, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாரம்பரிய மருந்து என்று விற்றதில் கள்ளத்தனமாக இரசாயன மாத்திரையைக் கலந்து பிடிபட்டதும் உண்டு.

கடைசியாக, நித்திய கல்யாணிச் செடி! சர்க்கரையைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு, 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவே இல்லை. குறைந்தது இரத்த வெள்ளையணுக்கள்! அந்தத் தடயத்தைப் பிடித்துப் போய் அவரும் உடன் ஆராய்ந்த சார்லஸ் பீரும் எடுத்ததுதான் வின்பிளாஸ்டின், இன்றும் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. அதே செடிதான் அத்தை வீட்டு வாசலில், சிறுகுறிஞ்சானுக்குப் பக்கத்தில், இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது!