எங்கள் தெரு வடிகாலுக்கு எத்தனை மதிப்பெண்?

மழை விட்ட மறுநாள் சென்னை அம்பத்தூரின் மேனாம்பேட்டில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "இந்தக் கால்வாய் எங்கதாங்க போய் முடியுது?" பதில் இல்லாமல் இல்லை. வடிகாலின் ஆழம், வாட்டம், நீர் போய்ச் சேரும் இடம், ஒப்பந்தத் தொகை, வேலை எடுத்தவர் பெயர் எல்லாமே ஒரு கோப்பில் இருக்கின்றன. நம் வரிப்பணத்தில் உருவான கோப்பு அது. அதைப் பார்க்க நாம் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினால், அரசின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்படி எண்ணிப் பார்ப்பதை உலக அளவில் செய்தவர்கள் உண்டு. ஓப்பன் நாலெட்ஜ் என்ற அமைப்பு 2013 முதல் சில ஆண்டுகள் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டது. வரவு செலவு, அரசுக் கொள்முதல், நில உடைமை, நீரின் தரம் என்று துறைவாரியாக அது கேட்டவை எளிய கேள்விகள். தகவல் இணையத்தில் இருக்கிறதா? இலவசமா? புதியதா? கணினி படிக்கும் வடிவில் முழுதாக இறக்கிக்கொள்ள முடியுமா? எடுத்துப் பயன்படுத்த உரிமம் உண்டா? 2015லும் 2016-17லும் தைவான் முதலிடம் பெற்றது. இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2012ல் தரவுப் பகிர்வுக் கொள்கையும் அரசுத் தரவுத் தளமும் வந்தன, 2017ல் திறந்த தரவு உரிமமும் வந்தது. ஆனால் நாட்டுக்கு ஒரு மதிப்பெண் போடும்போது டெல்லியின் தளம்தான் கணக்கில் வருகிறது. நம் தெரு வருவதில்லை.

அதே கேள்விகளை நம் தெரு வடிகாலிடம் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வியிலேயே பலர் தடுக்கி விழுவார்கள். டெண்டர் அறிவிப்பு கிடைக்கும். வேலை முடிந்த பின் எவ்வளவு பட்டுவாடா ஆனது என்பதைத் தேட வேண்டியிருக்கும். கிடைக்கும் காகிதமும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம்தான். அதில் ஒரு சொல்லைத் தேடவோ தொகைகளைக் கூட்டவோ முடியாது. தமிழுக்கென்று தனித் தொல்லை ஒன்றும் உண்டு. யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010லேயே ஆணையிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு இன்றும் கைக்கு வருகிறது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் தமிழ் போய் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து விழும். திறந்துதான் வைத்திருக்கிறார்கள், படிக்கத்தான் முடியாது.

மேனாம்பேட்டுக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2011 வரை நாம் அம்பத்தூர் நகராட்சி. அதன் பிறகு சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். வருவாய்த் துறைக் கணக்கிலோ அம்பத்தூர் வட்டம் 2018ல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தது. பழைய சாலை, பழைய குளம், பழைய மனைப்பிரிவு என்று எதைக் கேட்டாலும், "அது அந்த ஆபீஸ்" என்ற பதில் வரக்கூடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால், உரிய இடத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு. அலையவேண்டியது காகிதம்தான், நாம் அல்ல.

மனை வாங்குபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டா, 'அ' பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவை இணையத்தில் கிடைப்பது பெரிய வசதி. கையூட்டும் அலைச்சலும் குறைந்திருக்கின்றன. ஆனால் திரையில் இருப்பதெல்லாம் முழு உண்மை ஆகிவிடாது. வில்லங்கச் சான்று பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். பதிவாகாத ஒப்பந்தமும் வாரிசுச் சண்டையும் அதில் தெரியாது. பட்டா மட்டுமே உரிமைக்கு முடிவான சான்று ஆகாது. இடம் எப்போதாவது நீர்நிலைப் புறம்போக்காக இருந்ததா என்பதைப் பழைய கிராமக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். ஏரிகள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது.

சரி, தகவல் இல்லவே இல்லை என்றால்? 2005ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவை முதலில் நினைவில் வையுங்கள். ஒதுக்கீடு, செலவு, மானியம் பெற்றோர், அனுமதி பெற்றோர் என 17 வகைத் தகவல்களை, யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும். அதற்குத் தந்த கெடு 120 நாள். இருபது ஆண்டுகள் கழித்தும் நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்!

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலும் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. பலர் கோட்டை விடுவது கேள்வியை எழுதும் விதத்தில்தான். "ஏன் தண்ணீர் தேங்குகிறது?" என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இன்ன தெரு வடிகால் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். கெடு தாண்டினால் நகல் இலவசம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அந்த ஆணையங்களையே அளந்தவர்களும் இருக்கிறார்கள். டெல்லியின் சதர்க் நாகரிக் சங்கடன் என்ற அமைப்பு நாட்டின் 29 ஆணையங்களுக்கும் தகவல் உரிமை மனு போட்டது. அதன் 2021-22 அறிக்கையில் தமிழக ஆணையம் கடைசி இடத்தில் இருந்தது. கேட்டதில் 14 சதவீதத் தகவலே அதனிடமிருந்து வந்தது. 1997லேயே, மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் இது.

வேறொரு கதவும் ஒருக்களித்துக்கொண்டு வருகிறது. 2023ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திவிட்டது. தனிநபர் தகவல் என்று சொல்லியே இனி மறுக்க முடியும். ஒப்பந்ததாரர் பெயரும் மானியம் பெற்றவர் பெயரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்ற கவலை நியாயமானதே. அப்படி மறுத்தால் மேல்முறையீட்டில் 8(2) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். பொதுநலன் மேலோங்கி இருந்தால் தகவலைத் தரலாம் என்ற அந்தப் பிரிவில் யாரும் கை வைக்கவில்லை.

இன்னொரு உரிமை அதிகம் பேருக்குத் தெரியாது. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போடும் கலவையின் மாதிரியைச் சான்றிட்டுப் பெறவும் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. 30 நாள் கணக்கு குறுக்கே நிற்பதால், தெருவில் பள்ளம் தோண்டும் வாரமே மனுவைப் போட்டுவிடுவது நல்லது. கால்வாய்க்கு மூடி போட்ட பிறகு மாதிரி எடுக்க முடியாது.