'ப' வடிவ பெஞ்ச் மட்டும் போதுமா? மட்டாஞ்சேரியில் ஒரு தொடக்கப்பள்ளி கட்டினால் எப்படிக் கட்டணும்?

2024-ல் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தில், கடைசி பெஞ்சே இல்லாத ஒரு வகுப்பறை வரும். அதைப் பார்த்துக் கேரளாவில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவர் ஓரமாக 'ப' வடிவில் போட்டன. 2025 ஜூலையில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையும் இதே முறையைக் கையில் எடுத்தது. 'பிள்ளைங்களுக்குக் கழுத்து வலி வருமே' என்று கேள்விகள் கிளம்ப, சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது.

பெஞ்சைத் திருப்பிப் போடுவது ஈஸி. ஆனா, அந்த அறை அதுக்கு ஏற்றதா?

அறையில் என்ன சிக்கல்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 அடிக்கு 20 அடி அறை. மூன்று சுவர்களுக்கு 60 அடி நீளம். மூலைகளையும் வாசலையும் கழித்தால் சுமார் 50 அடி. ஒரு பிள்ளைக்கு 2 அடி என்றால் 25 பேர் உட்காரலாம். கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. மீதி 5 பேருக்கு இரண்டாவது வரிசை போடணும். கடைசி பெஞ்ச் திரும்ப வந்தாச்சு!

அதோடு, போர்டு ஒரே சுவரில் இருக்கிறது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்கணும். அறை என்னவோ 'எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள்' என்று நினைத்துக் கட்டப்பட்டது. பெஞ்சை மட்டும் மாற்றினால் அது மாறிவிடாது.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசா?

2007-08க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளியில் படித்தவரா நீங்கள்? அப்போ செயல்வழிக் கற்றல் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது.

அங்கே பிள்ளைகள் தரையில் பாயில் குழுவாக உட்கார்ந்தார்கள். அட்டைகளைத் தாங்களே தட்டிலிருந்து எடுத்தார்கள். சுவரைச் சுற்றி அவர்கள் உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை. தலைக்கு மேலே ஓவியங்கள் தொங்கும் கம்பிப் பந்தல். ஆசிரியரும் தரையில்தான் உட்கார்ந்தார். ஒரே நேரத்தில் ஒரு குழு ஆசிரியரோடு படிக்கும், இன்னொன்று தானாகக் கணக்கு போடும். நெகிழ்வான கற்றல் என்பது இதுதான். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

ஆனால், இவை பெரும்பாலும் பழைய அறைகளுக்குள் திணிக்கப்பட்டவை. புதிதாகக் கட்டும்போதாவது அறையே இதுக்கு ஒத்துழைக்க வேண்டாமா?

ஏன் மட்டாஞ்சேரி?

சிரமங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் ஊர் இது. கொச்சியின் இந்தப் பழைய பகுதியில் தெருக்கள் குறுகல். காலி மனை கிடைப்பது அரிது. மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் பேசும் குடும்பங்களும் தலைமுறைகளாக இருக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் ஒரே வேகத்தில் எல்லாரும் வாசிப்பார்கள் என்று இங்கே எதிர்பார்க்க முடியாது.

போதாக்குறைக்கு, கேரளாவில் பள்ளி திறப்பதும் பருவமழை தொடங்குவதும் ஜூனில்தான். கோடை விடுமுறையை ஜூன்-ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025-ல் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டியே விவாதத்தைத் தொடங்கினார். மைதானம் நனைந்து கிடக்கும் அந்த வாரங்களில், புதுசாகச் சேர்ந்த பிள்ளைக்கு வகுப்பறைதான் உலகம்.

சரி, எப்படிக் கட்டலாம்?

எல் வடிவ அறை: டச்சுக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர், 1960-களில் டெல்ஃப்ட் நகர மாண்டிசோரி பள்ளியில் செய்தது இது. ஒரு கையில் அமைதியாக வாசிப்பு, இன்னொரு கையில் செய்முறை. வளைவில் நிற்கும் ஆசிரியருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

அகல வராந்தா, நடு முற்றம்: வராந்தா வெறும் நடைபாதையாக இல்லாமல் 8 அடி அகலம் இருந்தால், மழை நாளில் அதுவே இரண்டாவது வகுப்பறை. முற்றம் இருந்தால் நெருக்கமான மனையிலும் வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும். இதுக்கு வெளிநாடு போக வேண்டாம். மட்டாஞ்சேரி அரண்மனையே நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டுதான்.

சத்தம்: பலரும் கோட்டைவிடும் இடம். கேரளாவின் பழைய பள்ளிகளில் நீள ஹாலை மரத் தடுப்பால் பிரித்திருப்பார்கள். பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இங்கே கேட்கும். சுவரில்லாப் பள்ளிகளை ஆர்வமாகக் கட்டிய அமெரிக்காவும், பிறகு சத்தம் தாங்காமல் பல இடங்களில் சுவர் எழுப்பியது. வகுப்புகளுக்கு நடுவே நல்ல சுவர் வேண்டும். திறப்பு வராந்தா பக்கம் இருக்கட்டும். வெறும் தகரக் கூரை போட்டால், மழையில் ஆசிரியர் குரலே கேட்காது.

பிள்ளை உயரம்: போர்டு, அலமாரி, ஜன்னல், கை கழுவும் தொட்டி எல்லாம் ஆறு வயதுக்கு எட்டணும். பாயும் அட்டைகளும் வைக்க இடமில்லை என்றால், அவை பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிடும். இரண்டு பிள்ளைகள் தூக்கி நகர்த்தும் எடையில் மேசை இருக்கட்டும்.

நமக்கு இதில் என்ன வேலை?

பெஞ்சை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். கட்டடம் 50 வருஷம் நிற்கும். தப்பாகக் கட்டிவிட்டால், அதன் சிரமத்தை அத்தனை வருஷமும் ஆசிரியரும் பிள்ளைகளும்தான் சுமக்கணும்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வருதா? பிளான் ஒப்புதலுக்குப் போகும் முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க. 30 பிள்ளைகளும் தரையில் வட்டமாக உட்கார இடம் இருக்கா? மழை பெய்தால் எங்கே விளையாடுவாங்க? அங்கே பாடம் நடத்தப்போகும் டீச்சர்கிட்ட யாராவது பிளானைக் காட்டினாங்களா?