கேள்வி கேட்கும் முன்பே செலவு!

சமையல் அறையில் இடமோ கொஞ்சம். பரணில் உள்ள பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தரையில் பரப்பினால், எங்கே உட்கார்ந்து சமைப்பது?

"ஏ.ஐ." என்னும் செயற்கை நுண்ணறிவு உதவியாளனுக்கும் இதே தொல்லைதான்!

மின்னஞ்சல் அனுப்ப, கணக்குப் பார்க்க, நாள் குறிக்க என்று அதற்குப் பல கம்ப்யூட்டர் கருவிகளைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. அத்தனையையும் அது முதலிலேயே படிக்கவேண்டும். ஒரே சமயத்தில் அது மனதில் வைத்துக்கொள்ளும் அளவுக்கோ எல்லை உண்டு.

58 கருவிகளின் குறிப்புகளே சுமார் 55 ஆயிரம் "டோக்கன்" பிடித்தன என்று 2025-ல் ஆந்த்ரோபிக் நிறுவனம் கூறியது. டோக்கன் என்றால் சொல்லின் துண்டு. துண்டுக்குத் துண்டு காசு! பெயர் ஒன்றுபோல் இருந்தால், கருவி மாறிப்போவதும் உண்டு.

வழி என்ன?

தேடும் கருவி ஒன்றை மட்டும் கையில் கொடுத்தார்கள். மற்றவை பரணில்! "மின்னஞ்சல் அனுப்ப எது?" என்று ஏ.ஐ. தேடும். வேண்டிய சில குறிப்புகள் மட்டும் இறங்கி வரும். இதனால் டோக்கன் செலவு 85 சதவிகிதம் குறைந்தது என்கிறது அந்த நிறுவனம்.

தேடுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே, பத்துக் கருவிக்குள் இருந்தால் பரண் தேவை இல்லை. நிறைய இருந்தால், வேண்டியதை மட்டும் இறக்குவதே சிக்கனம்!